குடத்துத் தண்ணி அப்படியே

...இன்னும் நாலு பாட்டு, நாலே நாலு, அதற்கப்புறம் இந்தச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு எங்கேயாவது உட்காரலாம், ஆனால் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியுமா, வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து கொண்டுவந்த கட்டுரை நோட்டுகள் முப்பத்தெட்டும் தொடாமல் கிடக்கின்றன, நாளைக்குத் திங்கட்கிழமை... சிவமலர் இடக்கையால் ஆர்மோனியத்தின் துருத்தியைத் தள்ளினாள், வலக்கை விரல்கள் தாமாகவே கட்டைகளைத் தேடிப் போயின, வாயும் தானாகவே பாடிக்கொண்டிருந்தது, பத்து வருஷமாகப் பாடுகிற வாய்க்கு அவள் துணை தேவைப்படவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் மாடியில் இருக்கும் சின்ன மண்டபம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி, மேலே நாலு காற்றாடி, அதில் ஒன்று மட்டும் தாளம் தப்பி டக் டக்கென்று அடித்துக்கொள்கிறது, அறுபது பிளாஸ்டிக் நாற்காலிகளில் முக்கால்வாசி நிறைந்திருந்தது. இது அவர்களுக்குப் பெரிய கூட்டம்தான். கல்யாண விருந்துகளில் சினிமாப் பாட்டுப் பாடும் குழுக்களுக்குக் கீபோர்டும் டிரம்ஸும் மினுங்கும் சட்டையும் உண்டு, 'கோடி வீடு' குழுவுக்கு இருப்பதெல்லாம் ஒரு கித்தார், ஒரு டோலக்கு, ஒரு ஆர்மோனியம், தாங்களே கட்டிய இருபத்துச்சொச்சம் பாட்டுகள். கித்தார் நசீருதீன், டோலக்கு கன்னையா, ஆர்மோனியமும் குரலும் அவள். அவள் அப்பா கந்தையா ரயில்வேயில் கிராணியாக, குமாஸ்தாவாக, இருந்தபோது கிடைத்த குவாட்டர்ஸ் வரிசையில் கடைசி வீட்டில்தான் முதன்முதலில் ஒத்திகை பார்த்தார்கள், அதனால் அந்தப் பெயர். அம்மாவுக்குத்தான் கடைசிவரைக்கும் பிடிக்கவில்லை, உந்தக் கூட்டத்தோடை உனக்கென்ன பாட்டு பிள்ளை, என்று குசினிக்குள் இருந்தே கேட்பாள்... பல்லவி முடிந்தது, கன்னையா டோலக்கில் ஒரு தீர்மானம் வைத்தார், அவள் நிமிர்ந்து பார்த்தாள், மூன்றாவது வரிசையில், சுவரோரம், நல்லம்மாள்.

பாடத் தொடங்குமுன்னேயே கன்னையா சொல்லியிருந்தார், அவளும் வரேன்னா டீச்சர், மோட்டார்ல பின்னாடி உக்கார வச்சு கூட்டியாந்தேன், என்னமோ இன்னிக்கித் தோணிருக்கு, என்று. பத்து வருஷத்தில் ஒருமுறைகூட வராதவள். கன்னையாவின் மனைவி, கிள்ளான் பக்கம் பண்டமாரானில் ஒற்றை அறை பலகை வீடு, புருஷன் போர்ட்டில் கப்பல் சாமான் இறக்குகிறவர், பகல் ஷிப்ட் இரவு ஷிப்ட் என்று மாறி மாறிப் போவார், ஷிப்ட் இல்லாத நாளில் டோலக்கு. நல்லம்மாள் பச்சைச் சேலை கட்டிக்கொண்டு, கைப்பையை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் சிவமலர் பாட்டுப் பட்டியலின் அடியைப் பார்த்தாள். கடைசிப் பாட்டு... கடைசியாக எப்போதும் அந்தப் பாட்டுத்தானே. இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடலாமா, தொண்டை சரியில்லை என்று, உண்மையிலேயே சரியில்லைதானே, காலையிலிருந்து சுக்குத் தண்ணீர் மூன்று கப் குடித்தாயிற்று, ஒன்றும் கேட்கவில்லை...

எண்பத்தொன்றில் நடந்தது அது, எட்டு வருஷம். அன்றைக்கு ஒத்திகை கன்னையா வீட்டில் என்று சிவமலர் பஸ் ஏறிப் போனாள், வாசலுக்குப் போனபோது நல்லம்மாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நின்றிருந்தாள், இரண்டு வயதுப் பெண், பவானி, உடம்பு நெருப்பாகக் கொதித்தது, கன்னையா திடீரென்று ஆள் வந்து கூப்பிட்டதால் காலையிலேயே போர்ட்டுக்குப் போய்விட்டார், கப்பலுக்குள்ளே இருக்கிறவருக்கு யார் போய்ச் சொல்வது. டாக்சி பிடித்து கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேருமாக ஓடினார்கள். குழந்தையை உள்ளே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் நல்லம்மாள் சொன்னாள், விடியக்காலையில தண்ணி கேட்டா டீச்சர், நான் துணி காயப் போட்டுக்கிட்டிருந்தேன், கொஞ்சம் பொறுடின்னேன்... அந்தக் குரல், உயராத தாழாத அந்தக் குரல், சிவமலரின் காதை விட்டுப் போகவேயில்லை. குழந்தை அன்று மத்தியானமே போய்விட்டது. ஆறு மாதம் கழித்து, ஒரு நாள் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தவள், திருத்துவதை நிறுத்திவிட்டு, கடைசி நோட்டின் பின்னட்டையிலேயே எழுதத் தொடங்கினாள், ஒரு தாலாட்டு. கொடியில துணி காயுது, கொஞ்சம் பொறு கண்ணே. மூன்று கண்ணி, ஒரே உட்காரலில் வந்துவிட்டது, அப்படி ஒரு பாட்டு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை.

கன்னையாவிடம் கேட்காமலா பாடினோம், கேட்டோமே, என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், எத்தனையாவது தடவை இப்படிச் சொல்லிக்கொள்கிறாள்... ஒத்திகை அறையில் முதலில் அவருக்குத்தான் பாடிக் காட்டினாள். அவர் டோலக்கின் மேல் இரண்டு கையையும் வைத்தபடி கேட்டார், தலையைத் தூக்கவில்லை, முடிந்ததும், நல்லாருக்கு டீச்சர், என்றார், பாடலாம். அவ்வளவுதான். நல்லம்மாளிடம் கேட்கவேண்டும் என்று அப்போது ஏன் தோன்றவில்லை? அவளுக்குப் பாட்டெல்லாம் என்ன தெரியும் என்று நினைத்தாளா, ஒருவேளை அம்மாவின் குசினிக் குரல் அவளுக்குள்ளும் எங்கேயோ இருந்ததா... பாட்டு ஒலிநாடாவில் வந்தது, ஜனங்கள் அதற்குத் 'தண்ணிப் பாட்டு' என்று பேர் வைத்தார்கள், செந்தூலில் ஒருவர் குடிகாரப் பாட்டு என்று நினைத்து வந்து உட்கார்ந்து கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார், பள்ளிக்கூடப் போட்டிகளில் பிள்ளைகள் பாடினார்கள். எங்கே போனாலும் அந்தப் பாட்டு அவர்களுக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தது.

நாலு மூன்றானது, மூன்று ஒன்றானது. அக்கா, தண்ணிப் பாட்டு, என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண்ணின் குரல், ஆமா லா அக்கா, அது பாடாம எப்படி, என்று இன்னொன்று. நசீருதீன் கித்தாரின் முறுக்காணியைத் திருகிக்கொண்டே பக்கத்தில் வந்தான். அவனுக்கும் காதோரம் நரைத்துவிட்டது, மஸ்ஜித் இந்தியாவில் அப்பாவின் துணிக்கடையை இப்போது அவன்தான் பார்க்கிறான், கல்லாவுக்குப் பின்னால் நின்று நின்று லேசாகக் கூன் விழுந்திருக்கிறது, அவன் மனைவி முத்து பீவி வாசலில் ஒலிநாடா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள், நல்லவள், எல்லாருக்கும் வீட்டிலிருந்து டீ போட்டுக் கொண்டுவருகிறவள். என்ன மலர், ஆரம்பிக்கவா? என்றான் மெதுவாக. இன்னிக்கு வேணாம் நசீர், வேற ஏதாவது... வேற என்ன, இதுக்குத்தானே பாதிப் பேர் வந்திருக்காங்க, என்றான், கோபமில்லாமல், களைப்பாக. அவள் கன்னையாவைப் பார்த்தாள். கன்னையா யாரையும் பார்க்கவில்லை, உள்ளங்கையில் பவுடரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கித்தார் தொடங்கிவிட்டது.

கொடியில துணி காயுது, கொஞ்சம் பொறு கண்ணே... முதல் கண்ணியைக் கண்ணை மூடிக்கொண்டே பாடினாள். கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டது, தாளம் தப்பிய காற்றாடியின் சத்தம் மட்டும். இந்த மௌனம் எப்போதும் அவளைத் தூக்கிக்கொண்டு போகும், இன்றைக்குத் தூக்கவில்லை, கால் வலித்தது, செருப்பின் வார் குதிகாலை அறுத்தது. இரண்டாவது கண்ணி, ஈரச் சேலைத் தலைப்பில் தாய் முகத்தைப் புதைத்து அழுகிற இடம், கண்ணைத் திறந்தாள், நல்லம்மாள் அப்படியே உட்கார்ந்திருந்தாள், முகத்தில் ஒன்றுமில்லை, பக்கத்தில் இருந்த கிழவி மூக்கை உறிஞ்ச நல்லம்மாள் கைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து அவளிடம் கொடுத்தாள். மூன்றாவது கண்ணி. கொடித்துணி காஞ்சிடுச்சு, குடத்துத் தண்ணி அப்படியே, எழுந்து வா கண்ணே, எடுத்துத் தாரேன் கண்ணே... கைதட்டல் வர எப்போதும் கொஞ்ச நேரம் பிடிக்கும், அன்றும் பிடித்தது, பிறகு வந்தது.

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சிவமலர் மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தபோது நல்லம்மாள் உள்ளே வந்தாள், கையில் முத்து பீவி கொடுத்த டீ. வா நல்லம்மா, உக்காரு, என்றாள் சிவமலர். நல்லம்மாள் உட்காரவில்லை. பக்கத்து வீட்டுப் புள்ள ஸ்கூல்ல இந்தப் பாட்டப் பாடி கப்பு வாங்குச்சு டீச்சர், எனக்குப் பாடிக் காட்டிட்டு, பாவம் ஆன்டி அந்த அம்மா, தண்ணியே குடுக்கலன்னு சொல்லுச்சு. அதான், முழுசா ஒரு தடவை கேட்டுப் பாத்துடலாம்னு வந்தேன். சிவமலர் வாயைத் திறந்தாள், ஏதோ சொல்ல, மன்னிச்சிரு என்றோ என்னவோ, நல்லம்மாள் அதற்கு இடம் கொடுக்கவில்லை, பாட்டு நல்லாதான் இருக்கு, என்றாள், டீயை ஒரு வாய் குடித்தாள். ஆனா நான் குடுத்தேன் டீச்சர். சிவமலருக்கு முதலில் விளங்கவில்லை. என்ன குடுத்தே? தண்ணி. இன்னும் ரெண்டு துணிதான் இருந்துச்சு, போட்டுட்டு வந்து குடுத்தேன். ஒரு டம்ளர் முழுக்கக் குடிச்சா. இன்னும் வேணும்னா, அதுவும் குடுத்தேன். உங்ககிட்டதான் சொன்னேனே அன்னிக்கி.

சொன்னாளா... சிவமலர் அந்தப் பெஞ்சைத் தேடினாள், அந்தக் குரலைத் தேடினாள், கொஞ்சம் பொறுடின்னேன், அதற்குப் பிறகு, அதற்குப் பிறகு ஒன்றுமில்லையே, அங்கேயே அறுந்துதானே கிடக்கிறது. கன்னையா, என்றாள், கன்னையாவுக்குத் தெரியுமா? பாட்டு வந்தப்புறம் ஒரு நாளு கேட்டாரு, ஏன் தண்ணி குடுக்கலன்னு. அந்த ஒரு தடவைதான், அப்புறம் கேக்கல. நீ சொல்லலியா? நல்லம்மாள் டம்ளருக்குள் பார்த்தாள். பாட்டே வந்துருச்சு, ஊரே பாடுது. நான் சொன்னா தப்பிக்கிறதுக்குச் சொல்ற மாதிரி இருக்காதா டீச்சர். நீங்க படிச்சவங்க, கூடவே இருந்தவங்க, நீங்க எழுதுனதுதானே அவருக்கு நெசம். வெளியே கன்னையா கூப்பிடுவது கேட்டது, மழ வரும்போல இருக்கு, கெளம்பலாம். வரேன், என்று அவருக்குக் குரல் கொடுத்தாள் நல்லம்மாள், பிறகு கதவருகில் போய் நின்று, கோபமா சிரிப்பா என்று தெரியாத முகத்தோடு சொன்னாள், அப்புறம் அந்த அழுகுற எடம். நான் அன்னிக்கி அழல டீச்சர். நீங்கதான் அழுதீங்க, நான் உங்க முதுகைத் தடவிக்கிட்டு உக்காந்திருந்தேன். மறந்துட்டீங்களா?

மோட்டார் சைக்கிள் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. சிவமலர் வெறுங்காலோடு மாடிப்படிக்கு வந்து முதல் படியில் உட்கார்ந்தாள். ஓடிப் போய் நிறுத்தியிருக்கவேண்டும், கன்னையா, கேளுங்க, அவ குடுத்தா, நான்தான் தப்பா எழுதிட்டேன் என்று சொல்லியிருக்கவேண்டும், ஏன் ஓடவில்லை, கால் வலியா... அடுத்த வாரம் ஒத்திகைக்கு வருவாரே, அப்போது சொல்லலாம், எப்படித் தொடங்குவது, எட்டு வருஷம் அவர் அந்தப் பாட்டுக்குத் தலையைத் தூக்காமலேயே வாசித்தது, ஐயோ, அதை அவள் பக்தி மாதிரி ஏதோ என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள். கீழே நசீருதீன் ஸ்பீக்கரை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தான். மலர், செந்தூலுக்கு அடுத்த மாசம் எதை முதல்ல வைக்கலாம், யோசிச்சு வை, என்று அண்ணாந்து கேட்டான். அவள் தலையாட்டினாள். அவன் குனிந்து ஒயரைச் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அப்போது அந்தக் காலை வந்தது, அந்த ஆஸ்பத்திரி நாளின் காலை, அவள் வேண்டுமென்றே தனியாக எடுத்து வேறொரு நாளாக வைத்திருந்த காலை. கிள்ளான் பஸ் ஏறுவதற்கு முன் மஸ்ஜித் இந்தியா கடைக்குப் போனாள், இவன் துணிச் சுருளை மடித்துக்கொண்டே, உம்மா பொண்ணு பாத்துட்டாங்க மலர், முத்து பீவின்னு பேரு, என்றான், அவள், நல்லது லா, என்றாள், சிரித்தாள், பஸ் ஏறினாள். பஸ்ஸில் அழவில்லை. டாக்சியில் அழ நேரமில்லை. பெஞ்சில் உட்கார்ந்த பிறகு, நல்லம்மாள் அந்த உயராத குரலில் கொஞ்சம் பொறுடின்னேன் என்றபோது, அந்தச் சொல்லைச் சாக்காக வைத்துக்கொண்டு காலையிலிருந்து அடக்கிய அழுகை உடைந்தது, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, காது அடைத்துப் போகிற அளவுக்கு... ஒரு கை முதுகைத் தடவியது, ஆமாம், தடவியது, அந்தக் கை தடவிக்கொண்டே மீதியைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நர்ஸ் அந்தச் செய்தியோடு அதற்கப்புறம்தானே கதவைத் திறந்துகொண்டு வந்தாள்? அப்படியானால் அவள் அழுதுகொண்டிருந்த நேரத்தில் பவானி உள்ளே உயிரோடுதான் இருந்திருக்கிறாள்.