தார்ப்பாயில் மூன்று முடிச்சு

தார்ப்பாயைப் பார்த்ததுமே சண்முகவேலுக்குத் தெரிந்துவிட்டது. யாரோ அவிழ்த்திருக்கிறார்கள்.

மெக்கானிக் ஹபீபுர் ரஹ்மான் போடும் முடிச்சு ஒரே இழுப்பில் அவிழும். இதுவோ தாலி கட்டுகிற மாதிரி மூன்று முடிச்சு.

தி. நகர் வீட்டுக் கார் ஷெட்டில், அந்தத் தார்ப்பாய்க்குள் இருந்தது பழைய ஃபியட்டின் என்ஜின். பாதி வேலை முடிந்திருந்தது. சிலிண்டர்களைக் கடைந்து புது பிஸ்டன் போட்டாயிற்று. மேலே மூடவேண்டிய ஹெட்தான் பாக்கி. அதற்குள் தேனாம்பேட்டையில் ரஹ்மானின் பட்டறை இருந்த கட்டடத்தை இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கிண்டியில் வேறு இடம் அமையும்வரை இங்கே இருக்கட்டும் என்று அவரே கொண்டுவந்து வைத்தார். சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, துணி அடைத்து, மேல்முகம் முழுக்க கிரீஸ் தடவி, போர்த்திக் கட்டினார்.

"இதுக்கு மேல கடைய எடம் இல்ல அண்ணாச்சி. உள்ள துரு புட்ச்சா பிளாக்கு காயலாங்கடைக்குத்தான். மாசா மாசம் நானே வந்து கிராங்க சுத்தி உட்டுக்கினு போறேன். வேற யாரும் கை வெக்கக் கூடாது."

சொன்னபடி வந்தார். ஆனால் வந்ததும் ஷெட் கதவைச் சாத்திக்கொள்வார். அந்தச் சாத்திய கதவுதான் சண்முகவேலை உறுத்தியது. ஜவுளிக்கடை முதலாளி அவர். அளந்து கிழிக்கிற பையன் திரும்பி நின்றாலே எட்டிப் பார்ப்பார். தேடி அலைந்து வாங்கிய பிஸ்டனோடு ஒரு ஆள் தனியாக உள்ளே இருந்தால்?

தார்ப்பாயைத் தூக்கினார். மேல்முகத்தில் கிரீஸையே காணோம். அங்கங்கே செங்கல் நிறத்தில் துரு. முடிச்சு எப்படி இருந்தால் என்ன, ஷெட்டுக்குள் வந்து போகிற ஆள் ரஹ்மான் ஒருவர்தான்.

போன் போன வேகத்தில் ரஹ்மான் வந்து நின்றார்.

"எந்தப் பிஸ்டனைக் கழட்டினீரு பாய்?"

ரஹ்மான் துருவைப் பார்த்தார். முகம் இறுகியது.

"நானா? உண்மைய சொல்லுங்க அண்ணாச்சி. எந்த மெக்கானிக்க இட்டாந்து தொறந்து காட்டினீங்க?"

"என் வீட்டுல, என் என்ஜினை, நான் எதுக்குய்யா திருட்டுத்தனமாத் திறக்கணும்?"

"நான் பார்த்துப் பார்த்து செஞ்சத நானே எதுக்குக் கெடுக்கணும்?"

"அப்புறம் கதவை எதுக்குச் சாத்துறீரு?"

"துணிய எடுத்தா தூசி பூந்துடும்ல!"

என்ஜினுக்கு இரண்டு பக்கமும் நின்று இருவரும் முறைத்துக்கொண்டார்கள். முதலில் குனிந்தது ரஹ்மான்.

"இந்தத் துரு இன்னா இப்டி கீது?"

நாலு மூலையிலும் நாலு வட்டம். நடுவில் ஒன்று. அளந்து வைத்த மாதிரி.

சண்முகவேல் சட்டென்று வீட்டுப் பக்கம் திரும்பினார். அதே வட்டம் வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. மிக்ஸியில், தண்ணீர் மோட்டாரில்கூட.

"சீதா!"

மனைவி ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள். விஷயத்தைக் கேட்டு அவள் பதறவே இல்லை.

"நான்தான் திறந்தேன். ஒரே எண்ணெய்ப் பிசுக்கு, பொட்டு நிக்கவே இல்ல. நல்லாத் தொடைச்சுட்டு, சந்தனம் கரைச்சு வெச்சேன். ஆயுத பூஜை அன்னைக்குக் கடையிலேருந்து போன் போட்டு நீங்கதான சொன்னீங்க, வீட்டுல ஒரு மெஷின் விடாம வெச்சிருன்னு?"

சொல்லியிருந்தார்தான்.

"உள்ள அடைச்ச துணிய எடுத்தியாம்மா?" என்றார் ரஹ்மான்.

"இல்லண்ணே. அது எதுக்குன்னு தெரியல, தொடல."

ரஹ்மான் கதவைச் சாத்தினார். இந்த முறை சண்முகவேலும் உள்ளே இருந்தார். துணிகளை உருவி டார்ச் அடித்ததும் சிலிண்டர் சுவர்கள் எண்ணெயோடு பளபளத்தன. பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் கிராங்க் சிக்காமல் சுற்றியது.

"பொழச்சுது. மேல லேசா தேச்சா போதும். நாலு பிஸ்டனும் கீது அண்ணாச்சி, தொட்டுப் பாத்துக்கோங்க."

"மனசுல வெச்சுக்காதீங்க பாய்."

ரஹ்மான் துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு, துணியை அடைத்தார். மறுபடி கிரீஸ் தடவி, தன் முடிச்சைப் போட்டார். தெருமுனைக் கடைக்குப் போய் ஒரு புதுப் பூட்டு வாங்கிவந்து ஷெட்டைப் பூட்டினார். சாவி அவர் சட்டைப் பைக்குள் போனது. சண்முகவேல் சாவிக்காக நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

சீதாதான் கேட்டாள். "அப்ப அடுத்த வருஷப் பூஜைக்கு?"

"பூட்டுக்குப் பொட்டு வெய்யிம்மா" என்றார் ரஹ்மான்.