பாஸ்கோ வீட்டுப் பன்றித்தொடை

அந்த வருடம் பாஸ்கோ வீட்டில் கிறிஸ்துமஸுக்கு வாங்கிய பன்றித்தொடை ஈஸ்டர் ஞாயிறுவரை தீரவில்லை. எலும்போடு எட்டு கிலோ நானூறு கிராம். எங்கள் ஊர் டல்லாரூவின் கசாப்புக்கடைக்காரன் ரோலண்ட் தன் கையால் உப்பிட்டுப் புகையிட்டுக் கொடுத்தது. எங்களுக்குக் கிறிஸ்துமஸ் நடுக்கோடையில் வரும்; அன்று மதியம் நாற்பத்துமூன்று டிகிரி வெயிலில், தலையில் பண்டிகைக் காகிதத் தொப்பியோடு இருபத்துமூன்று பேர் அதைத் தின்றார்கள். மறுநாள் டெஸ்ட் மேட்ச் பார்த்துக்கொண்டே ரொட்டிக்குள் வைத்துத் தின்றார்கள். ஜனவரி நான்காம் தேதி, எதற்கும் பார்த்துவிடலாமென்று நெவில் பாஸ்கோ அதைக் கடைக்கே தூக்கிக்கொண்டு போய் நிறுத்தான். எட்டு கிலோ நானூறு. ரோலண்ட் தன் தராசைச் சந்தேகப்பட்டு இரண்டு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை வைத்துப் பார்த்தான். தராசு சரியாகத்தான் இருந்தது. "இதுல என் தப்பு ஒண்ணுமில்ல நெவில். நல்ல பன்னிதான் குடுத்தேன்" என்று சொல்லி அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டான்.

நெவிலின் மனைவி வெர்னாவுக்குக் கிறிஸ்துமஸ் என்பது காலண்டரில் முடிகிற சமாச்சாரம் அல்ல. தொடையின் எலும்பு பட்டாணி சூப்புக்குள் இறங்கும் நாளில்தான் அது முடியும். அன்றைக்குத்தான் பிளாஸ்டிக் மரத்தை மடித்துப் பெட்டியில் போடுவாள். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடமும் அது டிசம்பர் முப்பது, முப்பத்தொன்றைத் தாண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் இன்னொரு பழக்கமும் உண்டு. விளைச்சல் பொய்த்ததோ, புருஷன் பெண்டாட்டி பிரிவதோ, எந்தக் கெட்ட செய்தியானாலும் கிறிஸ்துமஸ் முடியட்டும் என்று வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வோம். டிசம்பர் முழுக்க ஊரே பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கும். ஜனவரி முதல் வாரத்தில் டாக்டருக்கும் வக்கீலுக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது.

வெர்னாவிடமும் அப்படியொரு செய்தி இருந்தது. நவம்பரில் கால்பந்து மைதானத்துக்கு வெளியே வந்து நின்ற மருத்துவ வேனில் ஊர்ப் பெண்கள் எல்லோரையும்போல அவளும் மார்பை எக்ஸ்ரே படம் எடுத்துக்கொண்டாள். டிசம்பர் இரண்டாம் தேதியிட்டு அடிலெய்டிலிருந்து கடிதம் வந்தது. இடது பக்கத்தில் நிழல்போல ஒன்று தெரிகிறது, தாமதிக்காமல் மறு பரிசோதனைக்கு வரவும் என்றிருந்தது. வாசல் கேட் பக்கத்தில் நின்றபடியே படித்தாள். பயந்துபோனாள், அதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை. கடிதத்தை நாலாக மடித்துப் பழைய பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மேல் அலமாரியில் வைத்தாள். தொடை தீர்ந்த மறுநாள் போய்விடுகிறேன் என்று தனக்குத்தானே வாக்குக் கொடுத்தாள். பிறகு இருபத்துமூன்று பேருக்கு மெத்தை, தலையணை, யாருக்கு இறால் ஆகாது, யார் யாரோடு பேசுவதில்லை என்கிற கணக்குகளில் இறங்கிவிட்டாள். கொடுத்த வாக்கை மீறுகிற ரகமில்லை வெர்னா. தொடை தீர்ந்திருந்தால் போயிருப்பாள்.

வந்தவர்கள் புத்தாண்டோடு கிளம்பினார்கள். மகள் கெய்லீன் மட்டும் இரண்டு பெண்பிள்ளைகளோடு பள்ளி திறக்கும்வரை இருந்தாள். அவர்கள் தொடையை முட்டையோடு தின்றார்கள், அன்னாசியோடு தின்றார்கள், மாவுக்குள் வைத்துச் சுட்டுத் தின்றார்கள், கடைசியில் மசாலாத்தூள் போட்டுக் குழம்பாகவும் தின்றார்கள். துண்டு விழும், தட்டு நிறையும், தொடை மட்டும் இளைக்காது. கொட்டகையில் பீர் வைக்கிற குளிர்பெட்டியில், இறைச்சி காய்ந்துபோகாமல் இருக்க வினிகர் தண்ணீரில் நனைத்த தலையணை உறைக்குள் அது சுகமாகக் கிடந்தது. இரண்டு நாளுக்கொருமுறை உறையை மாற்றப் போகும் வெர்னா அதைப் பார்த்து ஒரு நாள் நிம்மதியடைவாள், ஒரு நாள் அங்கேயே உட்கார்ந்து அழுவாள். தீயணைப்புப் படைக்குக் கொடுத்தார்கள். தேவாலயத் தேநீருக்குக் கொடுத்தார்கள். பிப்ரவரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று ஆகிவிட்டது. நாங்கள் கடுகு விழுதை மட்டும் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போவோம். மரம் இன்னும் நின்றதால் காகிதத் தொப்பியும் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

வெட்டுவது எப்போதும் நெவில்தான். இறைச்சியை அளவாக, அழகாக வெட்டுவதில் பெயர் வாங்கியவன், அந்தக் கோடையில் ஆவேசம் வந்தவன்போலப் பைபிள் கனத்துக்கு வெட்டித் தள்ளினான். தட்டு காலியாகும் முன்னே அடுத்த துண்டைப் போட்டு, சாப்பிடு சாப்பிடு என்று பிராணனை வாங்கினான். வெர்னாவின் சட்டைகள் தொளதொளவென்று ஆகிக்கொண்டு வந்தன. எல்லோரும் பார்த்தோம். கிறிஸ்துமஸ் சமயத்தில் இதையெல்லாம் எப்படிக் கேட்பது என்று இருந்துவிட்டோம்.

ஈஸ்டர் ஞாயிறு அன்று கெய்லீன் பிள்ளைகளோடு வந்து, சாக்லெட் முட்டைகளை ஒளித்துவைக்க இடம் தேடினாள். "உலகத்துலயே கிறிஸ்துமஸ் மரத்தடியில ஈஸ்டர் முட்டை பொறுக்கற பிள்ளைங்க நம்ம வீட்டுலதான் இருக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டே மேல் அலமாரியிலிருந்து பிஸ்கட் டின்னை இறக்கினாள். உள்ளே நாலாக மடித்த கடிதம் இருந்தது; பிரித்துப் படித்தாள். பிள்ளைகளைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு, பெற்றோர் உட்கார்ந்திருந்த மேஜைக்கு வந்து கடிதத்தைத் தொடைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"டிசம்பர் ரெண்டாம் தேதி போட்டிருக்கு. என்னம்மா இது?"

வெர்னா பதில் சொல்வதற்குள் நெவில் கத்தியைக் கீழே வைத்தான். "எனக்குத் தெரியும்" என்றான்.

வெர்னா மகளை விட்டுவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். "உனக்கு என்ன தெரியும்?"

"பதினெட்டாம் தேதி போன் வந்துது. அடிலெய்டுலேருந்து ஒரு நர்ஸ். உன்னை உடனே கூப்பிடச் சொல்லுன்னு சொன்னா. வேன் வந்துட்டுப் போனதும் ஞாபகம் வந்துது. நான் ஒண்ணும் முட்டாள் இல்ல. நீ புட்டிங் கிண்டிட்டிருந்த, பாடிக்கிட்டே."

"நீ சொல்லவே இல்லையே."

"கிறிஸ்துமஸ் முடியட்டும்னு நெனச்சேன்."

"நாலு மாசம் ஆச்சு, நெவில்."

"தொடை தீரலையே. நானும் எவ்வளவுதான் வெட்டுவேன்? உனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டேன், வெர்னா. நான் வாயைத் திறந்தாத்தான் உனக்குத் தெரியும்னு. தினம் வெட்டும்போது இன்னிக்கு எலும்பு வந்துடும், சொல்லிடலாம்னு இருப்பேன்."

"நானும் அதுக்குத்தான் காத்திருந்தேன்" என்றாள் வெர்னா. பிறகு, "எனக்குப் பயமா இருக்கு" என்றாள். முப்பத்தெட்டு வருடத்தில் அவள் அப்படிச் சொல்லி நெவில் கேட்டதில்லை. கெய்லீன் இருவரையும் திட்டினாள். எங்கள் ஊரில் யாரும் பெற்றோரிடம் பயன்படுத்தாத வார்த்தைகளால் திட்டிவிட்டு, அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நெவிலுக்குக் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. கத்தியை எடுத்து இறைச்சியில் இறக்கினான். மூன்றாவது துண்டிலேயே கத்தி எலும்பில் இடித்தது. சாயங்காலம் நாலு மணிக்குள் தொடை தீர்ந்துவிட்டது. வெர்னா எலும்பைப் பட்டாணியோடு அடுப்பில் ஏற்றினாள். மூவருமாக மரத்தை மடித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை அடிலெய்டில் டாக்டர் கடிதத்தின் தேதியைப் பார்த்துவிட்டு, இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டாள். வெர்னா, "வீட்டுல கிறிஸ்துமஸ் தொடை தீரலை டாக்டர்" என்றாள். அந்த டாக்டரும் எங்களைப்போலக் கோதுமை விளைகிற ஊர்க்காரிதான். தலை நிமிராமல் தாமதத்துக்கான காரணம் என்ற இடத்தில் அப்படியே எழுதிக்கொண்டாள். பரிசோதனைகள் முடிந்த பிறகு, டிசம்பரில் வந்திருந்தால் மார்போடு போயிருக்கும், இப்போது அக்குளுக்கும் பரவிவிட்டது என்றாள். அறுவை நடந்தது. குளிர்காலம் முழுக்க மருந்து ஏற்றினார்கள். வீடு திரும்பும் வழியில் நெவில் காரை ஓரமாக நிறுத்தி, அவள் வாந்தி எடுக்கும்போது முதுகைத் தடவிக்கொண்டு நிற்பதை அந்தச் சாலையில் போன லாரிக்காரர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்த டிசம்பரில் நெவில் கசாப்புக்கடைக்குப் போனான். "போன வருஷம் குடுத்த மாதிரி ஒண்ணு குடு" என்றான். ரோலண்ட் உள்ளே போய் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான். "அந்த மாதிரி இல்ல நெவில். இருந்தா உனக்குக் குடுக்காம யாருக்குக் குடுப்பேன்" என்று சொல்லி, இருந்ததில் நல்லதாக ஏழு கிலோவில் ஒன்றைச் சுற்றிக் கொடுத்தான்.

கிறிஸ்துமஸ் மதியம் பத்தொன்பது பேர். முடி இப்போதுதான் முளைத்துவந்த தலையில் வெர்னாவின் காகிதத் தொப்பி காதுவரை இறங்கியிருந்தது. நெவில் வெட்ட ஆரம்பித்தான். முதல் துண்டு கண்ணாடித் தாள்போல வந்தது. இரண்டாவது அதைவிட மெல்லிசு. அதன் வழியாக ஜன்னல் தெரிந்தது. தொடை தீராமல் இருக்கவேண்டுமென்றுதான் அப்படி வெட்டுகிறான் என்று மேஜையில் எல்லோருக்கும் புரிந்திருந்தது.

"என்ன நெவில், ஜன்னலுக்குத் திரை போடப் போறியா?" என்றாள் வெர்னா. "எனக்குப் பசிக்குது. ஒழுங்கா வெட்டு."

நெவில் அவளைப் பார்த்தான். பிறகு கத்தியை இறைச்சியில் கொஞ்சம் உள்ளே நகர்த்தி வைத்து, விரல் கனத்துக்கு வெட்டி அவள் தட்டில் போட்டான். அவள் முழுவதையும் சாப்பிட்டாள். தொடை இருபத்தெட்டாம் தேதி தீர்ந்தது.