செவியன் காதில் விழாமல்

பொன்செல்விக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: கேப்டன் நாற்காலி.

அந்த நாற்காலி சங்கரன்கோவிலில் இல்லை, பூமியிலேயே இல்லை. கம்ப்யூட்டரில் விளையாடும் ஒரு விண்வெளி விளையாட்டில், 'நூரி' என்ற கப்பலுக்குள் இருந்தது. கப்பலை ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர். ஒருத்தி, சேலைக்கு பார்டர் டிசைன் போடுகிற பொன்செல்வி. இன்னொருத்தி, கடையநல்லூரில் வாழ்க்கைப்பட்ட நூருல் ஹுதா. தென்காசிக் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு ஒருத்தியை ஒருத்தி தரையில் பார்ப்பது குறைந்து, ஆகாயத்தில் பார்ப்பது அதிகமாகிவிட்டது.

கப்பலுக்குத் தன் பெயரையே செல்லமாக்கி வைத்ததும் நூருல் ஹுதா. நாற்காலியில் சாய்ந்து உத்தரவு போடுவதும் அவளே. பொன்செல்விக்கு வாய்த்தது கல் உடைக்கிற வேலை.

"ஏட்டி, அந்தக் கோள்ல இறங்கி ரெண்டு மூட்டை தாது அள்ளிட்டு வா. வந்தொடனே எஞ்சினையும் துடைச்சிரு."

"வீட்லயும் இதே சோலி, வானத்துலயும் இதே சோலியா?"

"கேப்டன எதுத்துப் பேசக்கூடாது."

இப்படியே காலம் போயிருக்கும். அந்த மாதம் விளையாட்டில் ஒரு கிளைப்பணியை விட்டார்கள். பழைய சரக்குக் கப்பல் ஒன்றுக்குள் ஒளிந்து நுழைய வேண்டும். அங்கே செவியன் என்று ஒரு காவலாளி, இடுப்பில் முத்திரை மோதிரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு தூங்குகிறான். தலைக்கு நான்கு காது. அவன் எழுந்துகொள்ளாமல் மோதிரத்தைக் கழற்றி வாசல் தாண்டிவிட்டால், கழற்றியவர்தான் இனிமேல் கேப்டன். எழுந்துவிட்டானோ, கழுத்தைப் பிடித்து நட்சத்திரங்களுக்கு நடுவில் வீசிவிடுவான்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. செவியன் காது கேட்பது நம் வீட்டுச் சத்தத்தை. கம்ப்யூட்டரின் மைக்கைத் திறந்து வைத்தால்தான் பணியே தொடங்கும். நாம் இருமினால் அவன் புரளுவான். நாம் பேசினால் எழுந்து உட்காருவான்.

நூருல் ஹுதா தன் நாற்காலியைப் பத்திரப்படுத்த முதல் ஆளாக இறங்கிப் பார்த்தாள். அவள் வீட்டுக் கூண்டில் இருக்கும் லவ் பேர்ட்ஸ் காட்டிக்கொடுத்துவிட்டன. ஆனாலும் அவளுக்குக் கவலை இல்லை.

"எங்க வீட்ல குருவிச் சத்தம் மட்டுந்தான், அதுக்கே எந்திச்சிட்டான். ஒங்க வீட்ல தறியே ஓடுது. நீ எங்கட்டி ஜெயிக்கப் போற?"

அவள் சொன்னதில் பொய்யில்லை. பொன்செல்வியின் அறைச் சுவரை ஒட்டினாற்போல் அவள் கணவன் குருநாதனின் விசைத்தறிக் கூடம். காலையில் ஆரம்பிக்கிற டக்கடா டக்கடா, விளக்கு வைத்த பிறகும் ஓயாது. தறிக்காரர்கள் டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்து அவள் பணியைத் தொடங்குவாள். பாதி வழி போவதற்குள் டீ முடிந்துவிடும். ஒரு தறி இருமினாற்போல் கிளம்பும், மற்றதெல்லாம் சேர்ந்துகொள்ளும், செவியன் எழுந்துவிடுவான். எத்தனை தடவை வீசப்பட்டாள் என்று அவளே கணக்கு வைக்கவில்லை.

வருகிற செவ்வாய்க்கிழமையோடு பணியை எடுத்துவிடப் போவதாக விளையாட்டில் அறிவிப்பு வந்தது. அதே செவ்வாய்க்கிழமைதான் ஊரில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவதாகவும் அறிவித்திருந்தார்கள். பொன்செல்வி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கரண்ட் இல்லாவிட்டால் தறி இல்லை. லேப்டாப்புக்கு பேட்டரி உண்டு. நெட்டுக்குப் போன் உண்டு. ஊரே வாயை மூடிக்கொள்ளும் ஒரு பகல் அவளுக்காகவே ஒதுக்கப்பட்டாற்போல் இருந்தது.

செவ்வாய்க்கிழமை கரண்ட் போனது. தறிகள் நின்றன. ஊர் வாயை மூடியது. வீடு மூடவில்லை.

தறியோடு வாழ்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தறி நின்றாலும் குரல் இறங்காது. குருநாதன் ரகசியம் சொன்னாலே அடுத்த தெருவில் பதில் கிடைக்கும். மாமியார் சங்கரேஸ்வரியோ அடுப்படியில் நின்றுகொண்டு உப்புப் போட்டாயா என்று கேட்டால், பக்கத்து வீட்டு மருமகள் தன் குழம்பை ருசி பார்ப்பாள். அன்றைக்குத் தறியில் வேலையில்லாததால் இரண்டு பேரும் பொன்செல்வியின் அறை வாசலிலேயே வந்து உட்கார்ந்துகொண்டார்கள். அங்கேதான் கொஞ்சம் காற்று வரும்.

"யம்மா, என்னா வெக்கை," என்றான் குருநாதன்.

"பங்குனின்னா அப்படித்தாம்ல இருக்கும்," என்றாள் தாய்.

அறைக்குள் இருந்த தண்ணீர்ச் செம்பு அதிர்ந்தது.

பொன்செல்வி எழுந்து அடுப்படிக்குப் போனாள். வரும்போது தட்டில் எலுமிச்சங்காய் அளவு சில்லுக்கருப்பட்டி இரண்டு கட்டி இருந்தது.

"அத்தை, வாயைத் திறங்க. நீங்களுந்தாங்க."

"எதுக்குட்டி?"

"சூட்டுக்கு. கடவாயில ஒதுக்கிக்கிட்டு, அதுவா கரையிற மட்டும் பேசாம இருக்கணும். பேசுனா காத்து உள்ள போயி சூடு தலைக்கு ஏறிரும்."

"யாரு சொன்னா?"

"டாக்டரு."

எந்த டாக்டர் என்று கேட்பதற்குள் குருநாதன் வாயில் கட்டி போய்விட்டது. கன்னம் ஒரு பக்கம் புடைக்க, தாயும் பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் அப்படியொரு அமைதியைப் பொன்செல்வி கேட்டதில்லை. கோயில் பக்கத்தில் ஒரு ஆட்டோ ஹாரன் அடிப்பது இங்கே கேட்டது.

லேப்டாப்பைத் திறந்தாள். திரையில் வழக்கமான அறிவிப்பு: 'அசையாமல் இருக்கவும். உங்கள் அறையின் அமைதியை அளக்கிறோம்.' கோடு அடிமட்டத்தில் ஆடாமல் நின்றது. அளந்தாயிற்று, தொடங்கலாம் என்றது. நூருல் ஹுதா தன் வீட்டிலிருந்து கப்பலின் திரை வழியே வேடிக்கை பார்த்தாள். 'என்ன சத்தத்தையே காணோம்? குடும்பத்தோட ஊருக்குப் போயிட்டாவளா?' என்று எழுதினாள்.

பொன்செல்வி பதில் எழுதவில்லை. கீ தட்டுகிற சத்தம்கூட வேண்டாம் என்று விரலால் பொத்திப் பொத்தி நகர்ந்தாள். சரக்குப் பெட்டிகளைத் தாண்டினாள். இரும்பு ஏணியில் இறங்கினாள். வாசலில் குருநாதன் எழுந்து எட்டிப் பார்த்து, இது என்ன என்று கையால் கேட்டான். உட்காருங்கள் என்று அவளும் கையால் சொன்னாள். அவன் உட்காராமல் பின்னால் வந்து நின்று, செவியனின் நான்கு காதுகளையும் பார்த்துத் தன் இரண்டையும் தடவிக்கொண்டான். வியர்வை அவள் மூக்கு நுனியில் சேர்ந்தது. துடைக்கவில்லை. மோதிரத்துக்கு ஒரு கை தூரம்.

விசிறி சுற்றியது. சுவருக்கு அந்தப் பக்கம், நிறுத்த மறந்த ஒரு தறி, கரண்ட் வந்த சந்தோஷத்தில் டக்கடா டக்கடா என்று கிளம்பியது.

செவியன் கண்ணைத் திறந்தான். பொன்செல்வி நட்சத்திரங்களுக்கு நடுவில் மிதந்தாள்.

"சாயங்காலம் வரைக்கும்னு சொன்னானுவ," என்றான் குருநாதன், கட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு. "நல்ல நேரத்துல விட்டுட்டான்," என்றபடி தறிக்கூடத்துக்கு ஓடினான். கொஞ்ச நேரத்தில் எல்லாத் தறியும் சேர்ந்துகொண்டது.

'எஞ்சின் அழுக்கா இருக்கு. துடைக்க வா,' என்று எழுதினாள் நூருல் ஹுதா.

அந்த வரிதான் பொன்செல்வியைக் கிளப்பியது. ஜெயிக்கப் போவதில்லை என்று தெரிந்தே, கடைசியாக ஒரு தடவை செவியன் கையால் அடிபட்டுவிட்டுப் போவோம் என்று தொடங்கும் பொத்தானை அமுக்கினாள்.

'அசையாமல் இருக்கவும். உங்கள் அறையின் அமைதியை அளக்கிறோம்.'

தறிச் சத்தத்தில் கோடு விறுவிறுவென்று உச்சிக்கு ஏறி அங்கேயே நின்றது. அளந்தாயிற்று, தொடங்கலாம் என்றது.

சரக்குப் பெட்டிகள் வரை போயிருப்பாள். "ஏட்டி பொன்செல்வி, கரண்டு வந்துட்டுல்லா, மோட்டரப் போடு," என்று சங்கரேஸ்வரி வாசலிலிருந்து முழங்கினாள். பொன்செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்து பார்த்தால் இன்னும் வீசப்படவில்லை. செவியன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

அவள் யோசித்தாள். செம்பை எடுத்துத் தரையில் போட்டாள். குறட்டை. பிறகு மைக்குக்கு நேராகக் குனிந்து, "ஏலே செவியா, காது நாலு இருந்து என்னலே பிரயோசனம்," என்றாள். செவியன் புரண்டுகூடப் படுக்கவில்லை.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இத்தனை நாளும் டீ நேரத்து அமைதியை அளக்கக் கொடுத்துவிட்டு, அப்புறம் தறிக்குப் பயந்து ஓடியிருக்கிறாள். இன்றைக்குத் தறியையே அளந்துகொண்டு, இதுதான் இந்த வீட்டின் அமைதி என்று விளையாட்டு எழுதிக்கொண்டது. தறிக்கு மேலே சத்தம் போட்டால்தான் செவியனுக்குக் கேட்கும். அப்படிச் சத்தம் போட சங்கரேஸ்வரியாலேயே முடியவில்லை.

அதன்பிறகு அவள் ஒளியவும் இல்லை, பதுங்கவும் இல்லை. மாமியாருக்குப் பதில் சொல்லிக்கொண்டே ஏணியில் இறங்கினாள். எழுந்து போய் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து மோதிரத்தைக் கழற்றினாள். கழற்றும்போது கல்லூரியில் பாடிய பாட்டு ஒன்றை மெட்டுத் தப்பாகப் பாடினாள். குருநாதன் வந்து, "ஆமா, எந்த டாக்டரு அது?" என்று இரைந்தபோது வாசலைத் தாண்டிவிட்டாள்.

"எந்த டாக்டரு?" என்றாள் அவள்.

போன் அடித்தது.

"கள்ளாட்டம்," என்றாள் நூருல் ஹுதா. "அல்லாமேல ஆணையா கள்ளாட்டம். நீ பாடுனத நான் கேட்டேன்."

"அளந்தது ஒன் கம்ப்யூட்டரா, என் கம்ப்யூட்டரா? நான் எதையாவது திருகுனேனா? எங்க வீட்ல இதுதாம்ட்டி அமைதி."

அந்தப் பக்கம் லவ் பேர்ட்ஸ் மட்டும் கீச்சிட்டன. திரையில் 'நூரி' கப்பலின் நாற்காலி, தானாக ஒரு சுற்றுச் சுற்றி, பொன்செல்வி பக்கம் திரும்பி நின்றது.

"சரி. வேலையச் சொல்லு," என்றாள் நூருல் ஹுதா.

"யாருகிட்ட சொல்லுத?"

"...கேப்டன்."

பொன்செல்வி தறிக்கு நடுவில் பிறந்து, தறிக்கு நடுவில் வாழ்க்கைப்பட்டவள். கூடத்தின் மறுகோடியில் ஊசி விழுந்தாலும் அவள் காதுக்குத் தப்பாது. எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள். போனைத் தறிக்கூடத்துப் பக்கம் நீட்டிப் பிடித்தாள்.

"ஒண்ணுமே கேக்கலட்டி. தறி ஓடுதுல்லா. சத்தமாச் சொல்லு."

"கேப்டன்."

"இன்னுங் கொஞ்சம்."

"கேப்டன்," என்று நூருல் ஹுதா போட்ட சத்தத்தில் லவ் பேர்ட்ஸ் கூண்டை உலுக்கின. கடையநல்லூர் வீட்டின் உள்ளறையிலிருந்து, யாரம்மா வந்திருக்கிறது, பட்டாளத்துக்காரரா, உட்காரச் சொல்லு என்று அவள் மாமியார் கேட்டது, சங்கரன்கோவில் தறிச் சத்தத்துக்கு நடுவே பொன்செல்விக்குத் தெளிவாகக் கேட்டது.