ரேடியோவின் கையில் மணி

பயிற்சிக்கூடத்து வாசலில் பார்த்ததுமே அவளுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. தலையில் பாதி முடி போயிருந்தது. நடை மட்டும் அப்படியே இருந்தது, உலகத்து நாற்காலிகள் எல்லாம் தனக்காகப் போடப்பட்டவை என்பது போல. அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. "வணக்கம் மேடம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

படிக்கிற காலத்தில் ஒரு கணினிக்கு இரண்டு பேர். பக்கத்து இருக்கை அவளுடையது. அவன் விசைப்பலகையை இழுத்து வைத்துக்கொள்வான். அவள் புத்தகத்தைப் பார்த்து வரி வரியாகப் படித்துச் சொல்வாள். வருடம் முழுக்க அவள் விரல் ஒரு விசையிலும் பட்டதில்லை. "ரேடியோ, சத்தமா!" என்பான். வகுப்பே அவளை ரேடியோ என்றது. ஆசிரியரும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் மறக்க முயன்றதே இல்லை. முந்தானையில் முடிந்ததைத் தடவிப் பார்ப்பது போல அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொள்வாள். இருந்தது, பத்திரமாக.

எல்லாப் பிள்ளைகளுக்கும் கணினி வகுப்பைத் திறந்துவிடும் திட்டம் இப்போது அவள் பொறுப்பில். அவன் கணினி ஆசிரியராக இருக்கும் பள்ளி மட்டும் பிடிகொடுக்கவில்லை. அங்கே வகுப்பில் சேர ஒரு நுழைவுத் தேர்வு. வீட்டில் கணினி இருக்கிற பிள்ளைகள்தான் அதில் தேறும். மற்றவர்கள், அதிலும் பெண் பிள்ளைகள், வெளியே. கேள்வித்தாள் தயாரிப்பவன் அவன். அங்கிருந்து இன்றைய பயிற்சிக்கு வரும் இரண்டு ஆசிரியர்களும் ஒருமனதாகச் சொன்னால் தேர்வை எடுத்துவிடலாம் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார்.

"அவர் கோவிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டா கதை முடிஞ்சுதுக்கா," என்றாள் கூட வேலை செய்பவள். "கொஞ்சம் பதமா பேசுங்க."

"பதமாத்தான் பேசப்போறேன்."

திட்டத்துக்கு ஒரே சட்டம். ஒரு கணினிக்கு இருவர். ஒருவர் கை, ஒருவர் வாய். வாயாக இருப்பவர் எதையும் தொடக்கூடாது. ஒவ்வொரு மேசையாக அவள் வந்து மணி அடித்ததும் இடம் மாற வேண்டும். அந்த மணி அவளே யோசித்துக் கொண்டுவந்தது. அது ஏன் அவளுக்குத் தோன்றியது என்று யாரும் கேட்டதில்லை.

அவனோடு வந்தவர் அதே பள்ளியின் தையல் ஆசிரியை. "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. சார் சொல்றதுதான் என் முடிவும்," என்றார் வந்ததுமே.

"நீங்க கை. சார் வாய்," என்றாள் அவள்.

திரையில் ஒரு பூனை. அது நடந்துபோய், ஓரத்தில் முட்டியதும் திரும்ப வேண்டும்.

"அதை எடுத்து இதுல போடுங்க," என்றான் அவன்.

"எதை சார்?"

"அதாங்க, அந்த... தள்ளுங்க, நானே—"

"கை வைக்கக் கூடாது சார்," என்றாள் அவள் பின்னாலிருந்து. "வாயால சொல்லுங்க."

அவனுக்குச் சொல்ல வரவில்லை. விரலுக்குத் தெரிந்தது நாக்குக்குத் தெரியவில்லை. பூனை திரையைத் தாண்டிப் போய்க் காணாமல் போனது. பக்கத்து மேசையில் சிரித்தார்கள். மணி அடித்து அங்கே இடம் மாற்றினாள். அடுத்த மேசைக்கும் அடித்தாள். அவன் மேசையைக் கடக்கும்போது மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், எங்களுக்கு?"

"இன்னும் நேரம் ஆகல சார்."

தன் சட்டத்தைத் தானே உடைப்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அவன் எழுந்து போய்விட்டால் எத்தனை பிள்ளைகள் வாசலிலேயே நிற்கும் என்பதும் தெரிந்தது. மடியில் துடிக்கும் அவன் விரல்களைப் பார்த்தாள். அந்தத் துடிப்பு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இனித்தது. கூட இருந்தவள் கண்ணாலேயே கெஞ்சினாள். இவள் பார்க்காதது போல் நகர்ந்தாள்.

மதியத்துக்கு மேல் அவன் குரல் கம்மிவிட்டது. "சார், கொஞ்சம் சத்தமா சொல்லுங்க," என்றார் தையல் ஆசிரியை.

"ரேடியோல கரகரப்பு போல," என்றாள் அவள்.

அவன் தலையை நிமிர்த்தினான். "ரேடியோ? நீயா?" முகமெல்லாம் சிரிப்பு. "என்ன ஜோடி நாம! நீ படிப்பே, நான் அடிப்பேன்!"

ஒரு உறுத்தல்கூட இல்லை. அவள் இத்தனை காலம் பொத்தி வைத்திருந்தது அவனுக்கு இனிமையான பழைய நினைவு. மணியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

அவன் வாயால் சொல்லச் சொல்ல, கடைசியில் பூனை ஓரத்தில் முட்டித் திரும்பியது. தையல் ஆசிரியை கைதட்டினார்.

மாலையில் தேர்வைப் பற்றிக் கேட்டாள்.

"இருக்கட்டும்," என்றான் அவன். "ஒண்ணுமே தெரியாத பிள்ளைகள வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"காலைல எனக்கும் ஒண்ணும் தெரியாது சார்," என்றார் தையல் ஆசிரியை. "அந்தப் பரீட்சைய எனக்கு வச்சிருந்தா என்னையும் வெளிய அனுப்பியிருப்பீங்கதானே? எடுத்துடலாம்னுதான் நான் சொல்வேன்."

அவன் திரையைப் பார்த்தான். பூனை போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. தான் ஒரு விசையும் தொடாமல் நடக்கிற பூனை.

"சரி, எடுத்துடலாம்," என்றான்.

கூட இருந்தவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். மணி வைத்திருந்தவளுக்கோ நெஞ்சு நிறையவில்லை. ஜெயித்துக் கொடுத்தது வேறொருத்தி. அவனிடமிருந்து அவளுக்கு வர வேண்டிய ஒரு சொல் இன்னும் வரவில்லை. வராது என்பதும் புரிந்தது.

கிளம்பும்போது அவன் கேட்டான். "இப்பவாவது எனக்கு மணி அடிப்பியா?"

"அடுத்த பயிற்சிக்கு வாங்க சார், பார்க்கலாம்," என்று மணியைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.