ஒரு குளிசை, இரண்டு கோப்பி

விடியற்காலை சுபஹு தொழுத கையோடு உப்புப் பாத்தியில் இறங்கியிருந்தார்கள். கிழக்கு இன்னும் சாம்பலாகத்தான் இருந்தது. பதுர்தீன் நீண்ட காம்புப் பலகையை எறிந்து இழுத்தான். உப்புப் படலம் கண்ணாடிபோல் நொறுங்கியது. நொறுங்கிய சில்லுகள் கணுக்காலைத் தேடிவந்து கீறின. கீறிய இடத்தில் உப்புநீர் உடனே புகுந்து விசாரணை நடத்தியது. உப்பளத்தில் புண் அழுகாது, ஆள்தான் அழுகுவான் என்பது அங்கே பழைய பகிடி.

"எங்களுக்குத் தபசுகாலம், உங்களுக்கு நோம்பு" என்றாள் கூடையைத் தலைக்கு ஏற்றிய பவுலினா. குறிஞ்சிப்பிட்டியிலிருந்து வருகிற கத்தோலிக்கப் பெண்; பதுர்தீனை அண்ணன் முறையில் நானா என்பாள். "முதலாளிக்கு மட்டும் எப்பவும் பெருநாள், என்ன நானா?"

"மெதுவாச் சொல்லுங்க அக்கா. அவரு அதையும் ஒரு விருதெண்டு நெனச்சிருவாரு."

முதலாளி மஹ்ரூப் ஹாஜியாருக்கு விருதுகள் பிடிக்கும். 'இளம் தொழில்முனைவோர்' விருதை ஐம்பத்தெட்டு வயதில் வாங்கியவர். போன மாதம் கொழும்பில் ஏதோ கருத்தரங்குக்குப் போய், கழுத்தில் தொங்கவிட்ட அடையாள அட்டையைக் கழற்றாமலே உப்பளத்துக்கு வந்து, நாற்பது பேரையும் வெயிலில் நிறுத்திவைத்து, ஒரு மாத்திரைப் போத்தலைத் தூக்கிக் காட்டிப் பேசினார்.

"கோப்பி காய்ச்சப் பத்து நிமிஷம். ஆத்தப் பத்து நிமிஷம். குடிக்கக்குள்ள ஊர்க்கதை பத்து நிமிஷம். பொறகு ஒதுங்கப் போற நேரம் வேற. விஞ்ஞானம் என்ன சொல்லுது? கோப்பியில இருக்கிற சத்துத்தான் இந்தக் குளிசையிலயும் இருக்கி. ஒரு குளிசை, ரெண்டு கோப்பி! முழுங்க மூணு செக்கன்!"

அன்றோடு ஒன்பது மணிக் கோப்பி போயிற்று. இஞ்சி தட்டிப்போட்டு பவுலினா காய்ச்சும் கோப்பி அது. சுடச்சுட இருக்கும்; ஊதி ஊதித்தான் குடிக்க வேண்டும். அந்த ஊதலில் முதுகு நிமிரும், மூச்சு திரும்பும், இரண்டாவது கோப்பைக்கு வயிறே போதுமென்று சொல்லிவிடும். குளிசை யாரையும் எதையும் கேட்காது. கோப்பி கதவைத் தட்டிவிட்டு வரும். குளிசை கதவை உடைத்துக்கொண்டு வந்தது. முதல் வாரமே பதுர்தீனின் நெஞ்சுக்குள் கூடையில் கொட்டிய மீன் மாதிரி ஏதோ துள்ளத் தொடங்கியது. கை நடுங்கியது. தில்லையடி வீட்டில் படுத்தால் கண் மூடவில்லை. பசியும் எடுக்கவில்லை. அதையும் முதலாளி கருத்தரங்கு வெற்றிகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார்.

பிறகு நோன்பு வந்தது. பகலில் எதையும் விழுங்க முடியாது. அதற்கும் முதலாளியிடம் வழி இருந்தது: நோன்பாளிகளுக்கு அடுத்த நாளுக்கான குளிசையை மாலையிலேயே கையில் கொடுத்தனுப்பினார்கள். மழை வருமென்று வானொலி சொன்னதும், அதற்குள் வாரி முடிக்க, மூன்றாயிருந்த பங்கு இரட்டிப்பாயிற்று. நேற்று மாலை மேற்பார்வை பார்க்கும் ஹில்மி, ஆளுக்கு ஆறு என்று எண்ணிக் கொடுத்தான்.

முந்தின நாள்வரை விழுங்கிவந்த பதுர்தீன், இந்த ஆறையும் வழியோரச் சாக்கடைக் கானுக்குள் எறிந்தான். அவனுடைய தங்கை கணவன் ஹாசிம் எறியவில்லை. முதலாளி கொடுத்ததை வீணாக்கக்கூடாது என்று நம்புகிற அப்பாவி அவன்.

"விடியமுந்திச் சஹர் சாப்பாட்டுல ஆறையும் போட்டுட்டன் மச்சான்" என்றான் இப்போது, பலகையை இரண்டு மடங்கு வேகத்தில் இழுத்துக்கொண்டு. பல்லெல்லாம் சிரிப்பு. "சோறு மாதிரித்தானே. மஹ்ரிபுக்கு நோம்பு தொறக்கிற வரைக்கும் தாங்கோணும்."

பதுர்தீனின் பலகை நின்றது. "ஆறையுமா? ஒரேயடியா? அடேய், பன்னெண்டு கோப்பிடா அது! பன்னெண்டு கோப்பிய எவனாவது ஒரு இருப்பில குடிப்பானா?"

"கோப்பியெண்டாத்தான் வயிறு நெறையுமே" என்று சிரித்த ஹாசிம், சிரிப்பு முடியுமுன் விழுந்தான்.

முகம் குப்புற உப்புநீரில். பதுர்தீன் பாய்ந்து புரட்டியபோது உடம்பு வில்லாக வளைந்து வெட்டியது. குதிகால்கள் உப்புப் படலத்தை அடித்து நொறுக்கின. கிட்டிய பற்களுக்கிடையில் நாக்கு கிழிந்து, ரத்தம் வழிந்து, பாத்தி நீர் சிவந்தது. நான்கு பேர் பிடித்தும் அடக்க முடியவில்லை. நெஞ்சில் கை வைத்த பவுலினா நெருப்பில் பட்டவள்போல் கையை இழுத்தாள். "மாதாவே, உள்ளுக்குள்ள எஞ்சின் ஓடுது!"

மழைக்கு முந்தி உப்பை மூடவைக்க வந்திருந்த முதலாளி, வரம்பில் ஜீப்பை நிறுத்திவிட்டுக் குடையோடு நடந்துவந்தார். பார்த்தார். "நோம்புக் களைப்பு. நெழலில போடுங்க."

"ஆறு குளிசை முழுங்கினவன் முதலாளி! ஜீப்பில ஏத்துங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம்."

"அங்க என்னண்டு சொல்லப் போற?"

"உள்ளதச் சொல்லுவன்."

"அப்ப ஜீப் இல்ல" என்றார் முதலாளி. கருத்தரங்குப் பேச்சு எதிலும் அவர் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை.

பதுர்தீன் அவர் கையிலிருந்த சாவியைப் பிடித்து இழுத்தான். கன்னத்தில் அறை விழுந்தது. அவன் பிடியை விடவில்லை. ஹில்மி பின்னாலிருந்து பலகைக் காம்பால் அடித்தான். முதலடி தோளில், இரண்டாவது நெற்றியில். புருவம் பிளந்து வாய்க்குள் வழிந்த ரத்தத்தை, நோன்பாளியாதலால், விழுங்காமல் துப்பினான் பதுர்தீன். மூன்றாவது அடிக்குக் காம்பு உயர்ந்தது. அது இறங்குமுன், ஒரு கூடை ஈர உப்பை ஹில்மியின் முகத்தில் கவிழ்த்தாள் பவுலினா. அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு அலறியபடி பாத்தியில் புரண்டான்.

"தண்ணி! தண்ணி!"

"குளிசை இருக்கி, தாறதா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அதற்குள் எல்லோரும் ஜீப்பைச் சுற்றிவிட்டார்கள். கைகளில் பலகைகள் இருந்தன. முதலாளி சாவியைக் கொடுக்கவில்லை. அவருடைய விரல்கள்தான் கொடுத்தன. முன்பு ஆட்டோ ஓட்டி, தவணை தவறி லீசிங்காரனிடம் அதைப் பறிகொடுத்த ஸுஹைப், ஹாசிமை ஏற்றிக்கொண்டு, வரம்பு அதிர ஜீப்பை விரட்டினான்.

புழுதி அடங்கியது. தெற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு மாத உப்பு, மூன்று பெரிய குவியல்களாகத் திறந்து கிடந்தது. முதலாளி பொலிசுக்கு அழைத்துவிட்டுக் குரலைத் தேனாக்கினார்.

"செரி, நடந்தது நடந்து போச்சு. கெதியாத் தென்னோலைக் கிடுகு போட்டு உப்ப மூடுங்க. பொறகு ஹாசிம் நோம்பால மயங்கினான் எண்டு ஒரு கடுதாசியில எல்லாரும் கையெழுத்து வைங்க. வைக்காதவங்க நாளைக்கு வரத் தேவல்ல."

 நாளைக்கு வராவிட்டால் அடுப்பு எரியாது என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு பேர் கிடுகுப் பக்கம் திரும்பினார்கள்.

பவுலினா முன்னால் வந்தாள். "நான் நோம்பு பிடிக்கிற ஆளில்ல முதலாளி. காலையில பாணும் சம்பலும் திண்டுட்டுத்தான் வந்தனான். ஆனா இதப் பாருங்க." வலக்கையை நீட்டினாள். உப்பு அரித்த விரல்கள் காற்றில் சேலைத் தலைப்புப்போல் ஆடின. "எனக்கு என்னண்டு எழுதப் போறீங்க?"

பதுர்தீன் நெற்றியைப் பொத்தியிருந்த கையை எடுத்து, ரத்தத்தோடு நீட்டினான். அதுவும் ஆடியது. கிடுகுப் பக்கம் திரும்பிய இருவரும் நீட்டினார்கள். பிறகு ஒவ்வொன்றாக, நோன்பாளியும் அல்லாதவரும், மிச்சமிருந்த முப்பத்தெட்டுக் கைகள். முதலாளி ஒரு கையைப் பார்த்து அடுத்த கையைப் பார்த்தார். 

"குளிசைப் போத்தல ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க" என்றான் பதுர்தீன். "என்ன குடுத்தீங்க எண்டு எழுதி, நீங்க கையெழுத்து வைங்க. ஹாசிம்ட செலவு ஒங்கட பொறுப்பு. அதுவரைக்கும் உப்ப மூட ஒரு கை எழும்பாது."

"பொலிஸ் வருது தெரியுமா?"

"வரட்டும். அவங்களுக்கும் கைய நீட்டிக் காட்டுவம்."

குவியல்களின் முன்னால் அவர்கள் வரிசையாக அமர்ந்தார்கள். பவுலினாவின் கைபேசி அடித்தது. ஸுஹைப். "உயிர் இருக்கி அக்கா. கண் முழிக்கல்ல. என்ன குளிசையெண்டு டொக்டர் கேக்கிறாரு." அவள் கைபேசியை உயர்த்தி எல்லோருக்கும் கேட்க வைத்தாள், முதலாளிக்குக் கேட்கத்தான் அதிக நேரம் வைத்தாள். அவர் குடையை விரித்தார்.

முதல் துளிகள் உப்பில் விழுந்து குழி பறித்தன. தூரத்தில் பொலிஸ் ஜீப் கிரவல் பாதையில் திரும்புவது தெரிந்தது. ஒரு மாத வியர்வை கண்ணெதிரே கரையத் தொடங்க, பதுர்தீன் குவியலிலிருந்து ஒரு பிடியை அள்ளினான்.

"நாம வாரின உப்புத்தானே அக்கா."

"உப்பு திரும்ப விளையும், நானா. மனுசன் விளைவானா?"

அவள் நெருங்கி உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்திலிருந்தவரும் நெருங்கினார். மழை வலுத்தது. ஒருவரும் எழும்பவில்லை.