மோப்பச் சட்டை

அந்தச் சட்டைக்கு வயது ஏழு. அதில் ஒரு நாள்கூடத் தண்ணீர் பட்டதில்லை. ஆட்டுக்காரருடைய சட்டைதான், ஆனால் அவர் அதைப் போட்டுக்கொள்வதில்லை.

ஒரு ஆட்டுக்குக் குட்டி இறந்து பிறந்தால், தாயில்லாத வேறொரு குட்டியை அதனிடம் சேர்த்துவிடுவார்கள். ஆடு லேசில் ஏமாறுமா? மோந்து பார்த்து, தன் குட்டி இல்லையென்றால் முட்டித் தள்ளிவிடும். அதனால் ஆட்டுக்காரர் அந்த ஆட்டின் நஞ்சுக்கொடி ஈரத்தைச் சட்டையில் ஒற்றி, வந்த குட்டியின் உடம்பெல்லாம் தடவுவார். முகத்தைச் சுளிக்காதீர்கள் கண்ணுகளா, ஒரு குட்டி பிழைக்க வேண்டுமே. ஆடு மோந்து பார்க்கும், கொஞ்சம் யோசிக்கும், பிறகு நக்கிக் கொடுக்க ஆரம்பித்துவிடும்.

சட்டையைத் துவைத்தால் பட்டி வாசம் போய்விடும், அப்புறம் வேலை செய்யாது என்பது அவர் நம்பிக்கை. கொட்டிலில் மாட்டினால் ஆடுகளே மென்றுவிடும். ஆகவே அது சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது.

அதே சமையலறையில் சன்னலோரமாக அவர் மனைவியின் தையல் மெஷின் இருந்தது. வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழும். காலையில் பெருக்கும்போது சட்டையையும் எடுத்து நாலு உதறு உதறிவிட்டு மறுபடி மாட்டுவாள். பத்து வருடம் காத்திருந்து அவளுக்கு அப்போதுதான் நாலாம் மாதம். ஒத்தாசைக்கு அவள் தங்கையும் வந்திருந்தாள்.

அந்தப் பருவத்தில் ஏழு ஆடுகள் அடுத்தடுத்து, மாதம் நிறையும் முன்னே குட்டிகளை வீசின. சட்டைக்கு ஓய்வே இல்லை. கால்நடை டாக்டரம்மா கையுறையும் முகமூடியுமாக வந்து மாதிரி எடுத்துப் போனார். முடிவு வந்ததும் நேரில் வந்து, இது கியூ காய்ச்சல் என்றார். கண்ணுக்குத் தெரியாத கிருமி, ஈன்ற ஈரத்தில்தான் அதிகம் இருக்கும், அது காய்ந்து தூசியோடு பறந்தால் மனிதர் மூச்சிலும் புகுந்துவிடும் என்று விளக்கினார். புதரில் திரியும் முயலிடமிருந்தும் மானிடமிருந்தும் உண்ணி வழியாக வந்ததா, புதிதாக வாங்கிய ஆட்டோடு வந்ததா, அதைச் சொல்ல முடியாதாம்.

கிளம்பும்போது கேட்டார்: "வீட்ல மாசமா இருக்கிறவங்க யாராவது இருக்காங்களா?"

"இருக்கா. ஆனா கொட்டில் பக்கமே வர்றதில்லை."

அது உண்மைதான். சட்டையைப் பற்றி மட்டும் அவர் சொல்லவில்லை. டாக்டரம்மாவின் வண்டி தெருமுனை திரும்பியதும் சட்டையை எடுத்துப்போய் எரித்துவிட்டார். எங்கே போயிற்று என்று மனைவி கேட்டதற்கு, ஆடு தின்றுவிட்டது என்றார்.

"அந்த ஆடு இன்னும் உயிரோட இருக்கா மாமா?" என்று கேட்டாள் மச்சினி.

மூன்றாம் நாள் மனைவிக்குக் காய்ச்சல் அடித்தது, தலை பிளந்தது. சளிதான், கஷாயம் குடித்தால் சரியாகிவிடும் என்று அவள் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். ஆட்டுக்காரர் கொட்டிலுக்கும் வீட்டுக்குமாக நடந்தார். நாலாவது தடவை உள்ளே வந்தவர், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சட்டையை ஆடு தின்னலை. நான்தான் எரிச்சேன். ஆட்டுக்கு வந்த நோய் அதுல இருந்திருக்கும். நீ தினமும் அதை உதறிக்கிட்டு இருந்தே."

மெஷின் நின்றது.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"மூணு நாளாச்சு."

"மூணு நாளா எதிர்ல உக்காந்து எப்படிங்க சோறு இறங்குச்சு?"

"இறங்கலை. நீ அந்தப் பக்கம் திரும்பினதும் ஆட்டுத் தொட்டியில கொட்டிட்டேன்."

அவளுக்குக் கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. நூலை அறுத்துவிட்டு எழுந்தாள். "கிளம்புங்க. டாக்டர்கிட்ட இதை அப்படியே சொல்லணும். உங்களுக்கு வெக்கமா இருந்தா நான் சொல்றேன்."

அவரே சொன்னார், ஒன்றுவிடாமல். பிரசவ டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டுக்கொண்டார். சட்டை விஷயம் தெரியாமல் போயிருந்தால் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை எழுதி அனுப்பியிருப்பேன் என்றார். ரத்தம் எடுத்தார்கள். அதே நோய்தான். குழந்தை பிறக்கும்வரை தினமும் மருந்து, மாதாமாதம் ஸ்கேன். ஆபத்து இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம் என்றார்.

அன்றிலிருந்து ஒரு வேளை மாத்திரைகூடத் தப்பவில்லை. அவரே எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, அவள் விழுங்குவதைப் பார்த்த பிறகுதான் நகர்வார். ஆடுகளின் நஞ்சுக்கொடியைக் கையுறை போட்டு எடுத்து, ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார். கொட்டில் துணியோடு வாசல்படி ஏறக்கூடாது என்பது மச்சினியின் சட்டம். வெளிக்குழாயடியில் அவர் குளித்து முடிக்கும்வரை துண்டோடு காவல் நிற்பாள். ஸ்கேன் அறைக்குள் மட்டும் அவர் போகமாட்டார். மனைவி வெளியே வந்து "துடிப்பு இருக்குங்க" என்று சொன்ன பிறகுதான் சுவரை விட்டு முதுகை எடுப்பார்.

மாதம் நிறைந்து, ஒரு காலை வேளையில் வலி கண்டது. டாக்டர், நர்ஸ், மச்சினி எல்லோரும் முகமூடியும் அங்கியுமாகப் பிரசவ அறைக்குள் போனார்கள். ஆட்டுக்காரர் வெளியே பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தார். எத்தனையோ குட்டிகளைக் கையில் ஏந்தியவர், அன்று கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

பத்து மணி வாக்கில் கதவு திறந்தது.

"பொண்ணு, மாமா. ரெண்டே முக்கால் கிலோ. ஒரு குறையும் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டார். உள்ளே ஊரையே கூட்டுறா."

"உங்க அக்கா?"

"அக்காவுக்கென்ன, பசிக்குதாம்."

அவர் தலையாட்டினார். இன்னொரு தடவை தலையாட்டினார். குழந்தையைக் காட்ட நர்ஸ் வந்து கூப்பிட்டபோது அவர் சுவரில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார்.

மச்சினி உள்ளே போய்ச் சொன்னாள். "எழுப்பட்டுமாக்கா?"

"வேண்டாம்டி," என்றாள் அவள், கைக்குள் அடங்கிக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே. "இவளும் இப்பத்தான் கண்ணை மூடினா. ரெண்டு பேரும் தூங்கட்டும். நீ எனக்கு ஏதாவது சாப்பிடக் கொண்டு வா."