நல்ல பிள்ளை என்றொரு சவ்வு

அந்த ஆலையில் சோதனை மேசைக்காரிக்கு ஒரே வேலைதான். முகமூடிக்குள் வைக்கும் வடிகட்டிச் சவ்வைப் பெட்டிக்கு ஒன்றாக உருவி, அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவேண்டும். விஷவாயுவைப் பிடித்து வைக்கும் பூச்சு சரியாக ஏறியிருந்தால் சொட்டு உடனே ஊறிப்போகும். ஏறாத சவ்வில் உருண்டு நிற்கும். கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளை. அவள் முத்திரை குத்தினால்தான் பெட்டி முகமூடி செய்யும் இடத்துக்குப் போகும்.

நனைந்த சவ்வு குப்பைக்கு. வினையே அங்கேதான். சுவர்ப் பலகையில் கழிவு எண்ணிக்கை ஏற ஏற சூப்பர்வைசரின் முகம் கடுகடுவென்று ஆகும். "தண்ணி ஊத்தி ஊத்தியே கம்பெனியக் கரைச்சிடுவ போலிருக்கே!" என்பார்.

அதற்கு மேசைக்காரர்கள் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார்கள். நன்றாக ஊறிய சவ்வு ஒன்றைக் காயவைத்து இழுப்பறையில் வைத்துக்கொள்வது. காய்ந்தால் அது மறுபடியும் குடிக்கும். தினமும் அதன்மேலேயே சொட்டு விட்டுவிட்டு எல்லாப் பெட்டிக்கும் முத்திரை. அதற்கு 'நல்ல பிள்ளை' என்று செல்லப் பெயர் வேறு. சூப்பர்வைசருக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருக்கத் தெரிந்த மனிதர். அவளும் ஏழு மாதமாக அப்படித்தான் செய்தாள். பெரிய பாவமாகத் தோன்றவில்லை. பூச்சு இயந்திரம்தான் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்ததே!

அவள் தம்பிக்கு வேறொரு கம்பெனியில் ரசாயனத் தொட்டிகளில் இறங்கிக் கழுவும் வேலை. முகமூடியை மாட்டும்போதெல்லாம், "எங்க அக்கா பாஸ் பண்ணினதுடா, பயமே வேணாம்" என்று கூட்டாளிகளிடம் பீற்றிக்கொள்வான். போன வாரம் அப்படிச் சொல்லிவிட்டு இறங்கியவனை மூன்று பேர் கயிறு போட்டுத் தூக்கினார்கள். மேலே வந்தபோது உயிர் இல்லை.

முகமூடியின் வாரை அவனே தளர்த்திவிட்டான் என்று எழுதப் பார்த்தார்கள். இரண்டு கம்பெனிக்கும் அது வசதி. அசட்டை, வேலை தெரியாதவன் என்று ஆளுக்கொரு பேச்சு. செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான்?

தம்பி மனைவி அழுது ஓய்ந்த குரலில் கேட்டாள். "அண்ணி, அவர் முகத்தத் தொடச்சது நான்தான். வாரை இறுக்கிக் கட்டின தடம் ரெண்டு கன்னத்துலயும் இருந்துச்சு. நீங்களே சொல்லுங்க, அவர் மேலயா தப்பு?"

அக்காவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

இன்று விசாரணை அதிகாரி வந்து மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். தம்பியின் முகமூடிக்குள் இருந்த சவ்வு தயாரான அதே நாளின் பெட்டி ஒன்று, முத்திரை பிரிக்காமல், கிடங்கிலிருந்து வந்தது. பிரித்துச் சோதித்துக் காட்டச் சொன்னார். தூக்கிய பெட்டி மூடி அவருக்கு மேசையின் பாதியை மறைத்தது. சூப்பர்வைசர் அவள் பின்னால் குனிந்து முணுமுணுத்தார்.

"உள்ள இருக்கறத எடும்மா. உனக்குத்தான் நல்லது."

இழுப்பறை பாதி திறந்திருந்தது. நல்ல பிள்ளை வெள்ளை வெளேரென்று கிடந்தது. அதை எடுத்தால் வேலையும் போகாது, சிறையும் இல்லை. தம்பிதான் செத்தும் முட்டாளாக நிற்பான். பயமில்லை என்று சொன்னால் பொய்.

பெட்டியிலிருந்து ஒன்றை உருவிச் சொட்டு விட்டாள். உருண்டு நின்றது. இன்னொன்றை எடுத்தாள். அதிலும் அப்படியே. அன்றைக்குப் பூச்சே ஏறவில்லை.

அதிகாரி நிமிர்ந்தார். "அப்ப இது எப்படிப் பாஸ் ஆச்சு?"

அவள் இழுப்பறையை முழுவதும் இழுத்து, நல்ல பிள்ளையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். ஒரு சொட்டு விட்டாள். சட்டென்று குடித்தது.

"பெட்டிய நான் பாக்கவே இல்ல சார். ஏழு மாசமா இத மட்டும்தான் பாத்தேன். எழுதிக்குங்க," என்றாள். "என் தம்பி வாரை நல்லாத்தான் கட்டியிருந்தான்."